மலேசியா தோற்றுப்போன நாடாகிவிடுமா? ஒரு தம்பிக்குப் பதில்

பினாங்கில் பிறந்து வளர்ந்து இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது: "2018 மேயிலிருந்து நாலரை வருஷத்துல நாலு பிரதமரைப் பார்த்துட்டோம். சபா மாநிலத்துக்கு வரவேண்டிய பணத்துக்காக கோர்ட்டுல கேஸ் நடக்குது. கெடாவும் பினாங்கும் தண்ணிக்குச் சண்டை போடுது. அங்கிள், நம்ம நாடும் சோமாலியா மாதிரி ஆயிடுமா? இல்ல, யூகோஸ்லாவியா மாதிரி துண்டு துண்டா உடைஞ்சிடுமா? பினாங்கு தனியா போனா பிழைச்சுக்கும்னு காப்பிக்கடையில பேசிக்கிறாங்களே, அது நடக்குற காரியமா?"

மாநில நிர்வாகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சோமாலியா ஆகாது. 1991இல் சியாட் பாரே ஆட்சி விழுந்தபோது அங்கே வரி வசூலிக்க ஆள் இல்லை, போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை. ஆயுதம் வைத்திருந்தவன் சொன்னதே சட்டம். அதைத்தான் தோல்வியடைந்த அரசு என்கிறோம். நம் நாட்டில் சம்பளம் மாதாமாதம் வருகிறது, ராணுவம் முகாமுக்குள் இருக்கிறது. 2018 மே மாதம், 61 ஆண்டுகளாக ஆண்ட கூட்டணி தேர்தலில் தோற்று, ஒரு தோட்டா வெடிக்காமல் வெளியேறியது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மாநிலங்கள் சேர்ந்து உருவான கூட்டரசு நாடுகளுக்கென்று தனியாக ஒரு நோய் உண்டு, தம்பி. ஒரே அரசாங்கம் உள்ள நாட்டில் வேலை நடக்காவிட்டால் யாரைத் திட்டவேண்டும் என்று மக்களுக்குத் தெரியும். மத்தி, மாநிலம், ஊராட்சி என்று மூன்று அடுக்கு அரசாங்கம் உள்ள நாட்டில், ஒவ்வொரு அடுக்கும் "அது என் வேலை இல்லை" என்று சொல்லலாம். சில சமயம் மூவரும் சொல்வது உண்மையாகவும் இருக்கும். என் பயம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நடந்ததைச் சொல்கிறேன். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் பதினான்கு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. பின்னால் ஒரு பெரிய கால்வாய் ஓடி, பெரிய ரோட்டுக்கு அடியில் ஒரு மதகு வழியாக நுழைந்து, அந்தப் பக்கம் ஆற்றில் சேர்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் இரவு முழுக்க மழை. விடியும்போது கடைசி வீட்டுப் பாட்டியின் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். முறுக்குக்கு அரைத்து வைத்திருந்த மாவு மூட்டை மிதந்துகொண்டிருந்தது. மதகின் வாயில் ஒரு பழைய மெத்தையும் மரக்கிளைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. நான்தான் போன் போட்டேன். கால்வாய்க்குப் பொறுப்பான இடத்திலிருந்து ஒருவர் வந்தார். "கால்வாய் எங்களுடையது, ஆனால் மதகு ரோட்டோடு சேர்ந்தது" என்றார். ரோடு மத்திய அரசாங்க ரோடு. அதைப் பராமரிக்கும் குத்தகையாளரின் ஆள் வந்தார். "நான் இதை எடுத்தால் அந்தப் பக்கம் ஆறு தூர்ந்திருக்கிறதே, தண்ணீர் திரும்பி வரும், முதலில் ஆற்றைத் தூர்வாரச் சொல்லுங்கள்" என்றார். ஆற்றுக்கு வேறு துறை. அந்தத் துறையிலிருந்து வந்த இளைஞர் நல்ல பிள்ளை. மழையில் நின்று போட்டோ எடுத்தார், அளந்தார், மேலே அனுப்புகிறேன் என்றார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேரும் அவரவர் எல்லையில் நின்றார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தம்பியும் எதிர்வீட்டுச் சீனரும் நானும் கயிறு கட்டி அந்த மெத்தையை இழுத்துப் போட்டோம். பாட்டிக்கு அந்த வருடம் முறுக்கு இல்லை.

இதற்கு அடியில் இருப்பது அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை. அதில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உண்டு. பாதுகாப்பு, போலீஸ், கல்வி, சுகாதாரம், குடியுரிமை எல்லாம் மத்தியில். நிலம், காடு, ஊராட்சி, இஸ்லாமிய சமய விவகாரம் மாநிலத்தில். காகிதத்தில் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. வாழ்க்கை அப்படிப் பிரிந்து வருவதில்லை. நம் தமிழ்ப்பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சம்பளம் மத்தியக் கல்வியமைச்சிலிருந்து வருகிறது. நிலம் மாநில அதிகாரம். பல பள்ளிகள் நிற்பதோ தோட்ட நிறுவனத்தின் மண்ணில். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியும் நிலம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் நின்றுபோன பள்ளிகளைப் பற்றி நம் சமூகத்தில் கேள்விப்படாதவர் உண்டா? கூட்டரசு நிர்வாகம் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்குப் பள்ளி வாரியக் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

மெத்தைக்குப் பதில் மனித உயிர் என்று வைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் பேய்மழை. மாநிலத்தை ஆண்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள், மத்தியில் வேறு கூட்டணி. விடியற்காலை மூன்று மணி வாக்கில் மாநிலத் தலைமை மத்திய அரசுக்குப் போன் போட்டு ராணுவ உதவி கேட்டது, ராணுவம் வந்தது. ஏழு பேர் இறந்தார்கள், ஆனால் யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல் படகு வந்தது. நாலு வருடம் கழித்து, 2021 டிசம்பர் 18 முதல், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா. மக்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்து உதவி கேட்டார்கள். முதல் நாட்களில் அவர்களைக் காப்பாற்றியவர்களில் பெரும்பங்கு சொந்தப் படகு, கயாக் கொண்டுவந்த தன்னார்வலர்கள். சாப்பாடு குருத்துவாராக்களிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் வெந்தது. நாடு முழுக்க அந்த வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தண்ணீர் வடிவதற்குள்ளேயே பொறுப்பு மாநிலத்துடையதா மத்தியுடையதா என்ற வாதம் தொடங்கிவிட்டது. 2017இலும் 2021இலும் ஒரே அரசியலமைப்பு, ஒரே அட்டவணைதான். முதல் தடவை ஒருவர் போன் எடுத்தார், இன்னொருவர் உடனே பதில் சொன்னார். உயிர் காக்கும் காரியம் இரண்டு தலைவர்களின் நல்ல குணத்தை நம்பி இருக்கக்கூடாது.

அடுத்து பணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காப்பிக்கடைப் பேச்சில் அதிகம் தவறுவது இங்கேதான்.

வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி எல்லாம் மத்தியக் கருவூலத்துக்குப் போகின்றன. மாநிலத்துக்கு மிஞ்சுவது நிலவரி, நில மாற்றக் கட்டணம், காடு, மணல், கனிமம் போன்றவை. 2023இல் மத்திய அரசின் வருமானம் ஏறக்குறைய 315 பில்லியன் ரிங்கிட். அதிலிருந்து மாநிலங்களுக்கு அரசியலமைப்பே கட்டாயமாக்கியிருக்கும் மானியங்களில் ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று பத்தாவது அட்டவணை சொல்லும் மானியம். முதல் 1 இலட்சம் பேருக்குத் தலைக்கு 72 ரிங்கிட், அடுத்த 5 இலட்சம் பேருக்கு 10 ரிங்கிட் 20 காசு, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 10 ரிங்கிட் 80 காசு, மீதிப் பேருக்கு 11 ரிங்கிட் 40 காசு. பினாங்கின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 17 இலட்சத்து 40 ஆயிரம். பென்சில் எடுத்துக் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 25 மில்லியன் ரிங்கிட் வரும். ஆளுக்கு, வருடத்துக்கு, 14 ரிங்கிட் சொச்சம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மைக்ரோசிப் செய்து உலகத்துக்கு அனுப்பும் ஒரு மாநிலத்துக்கு, ஆளுக்கு ஒரு தட்டு நாசி கண்டார் விலை.

சாலை மானியம், மேம்பாட்டு மானியம் என்று வேறு கணக்குகளும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் சூத்திரப்படி வருவது கொஞ்சம்; மத்தியின் மனம் வைத்து வருவது நிறைய. மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் திரெங்கானு சாட்சி. 1974 பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு 5 சதவீதம் ரொக்கப் பணம் என்று ஏற்பாடு. 1999இல் திரெங்கானுவை எதிர்க்கட்சியான பாஸ் வென்றது. 2000இல் அந்தப் பணம் மாநில அரசின் கைக்குப் போவது நின்றது. 'நல்லெண்ணப் பணம்' என்ற பெயரில் மத்திய முகவர்கள் வழியாகச் செலவிடப்பட்டது. பணம் அதே மாநிலத்தில்தான் செலவானது என்று சமாதானம் சொன்னவர்கள் அப்போது இருந்தார்கள். எனக்கு அது அன்றும் தவறாகப் பட்டது, இன்றும் தவறாகவே படுகிறது. ஓட்டுப் போட்டவனுக்குத் தண்டனையாகப் பணத்தைத் திருப்பிவிடும் கூட்டரசில், அடுத்த மாநிலம் மத்தியை எப்படி நம்பும்?

சபா வழக்கும் இந்த நம்பிக்கைப் பிரச்சினைதான். சபாவில் வசூலாகும் கூடுதல் நிகர வருமானத்தில் 40 சதவீதம் சிறப்பு மானியமாகத் திரும்பவேண்டும் என்பது 1963இல் மலேசியா உருவானபோது அரசியலமைப்பில் எழுதப்பட்ட வாக்கு. 1974 முதல் 2021 வரை அந்தக் கணக்கை முறைப்படி மறுபரிசீலனை செய்யவே இல்லை. சபா வழக்கறிஞர்களின் சட்டக் கழகம் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் கோத்தா கினாபாலு உயர் நீதிமன்றம் சபாவின் பக்கம் தீர்ப்பு சொன்னது. இதைப் பார்த்துப் பிரிவினை வருகிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நான் மாறாகத்தான் பார்க்கிறேன். தங்கள் மாநிலத்தின் பணத்துக்காக சபா வழக்கறிஞர்கள் நீதிமன்றப் படியேறுகிறார்கள் என்றால், அந்தப் படி இன்னும் வேலை செய்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள்.

யூகோஸ்லாவியாவில் அந்தப் படி உதவவில்லை. 1980இல் நெடுங்காலம் ஆண்ட தலைவர் டிட்டோ இறந்தபின் குடியரசுகள் முறைவைத்துத் தலைமை வகித்தன; கடன் கழுத்தை நெரித்தது. 1990 கடைசியில் செர்பியக் குடியரசு, பொது மத்திய வங்கியின் அனுமதி இல்லாமலே பெருந்தொகையைப் புதுப் பணமாக இரகசியமாக எடுத்துக்கொண்டது. அது வெளியே தெரிந்தபோது மற்றவர்களுக்குப் பொது நாணயத்தின் மேலிருந்த நம்பிக்கை போயிற்று. 1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் சுதந்திரம் அறிவித்தன. இனப்பகை மட்டுமே அந்த நாட்டை உடைத்தது என்று சொல்வார்கள்; கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்கவேண்டும். நம்முடைய சொந்தக் கதையும் ஒன்று உண்டே. சிங்கப்பூர் 1963இல் சேர்ந்து 1965 ஆகஸ்ட் 9இல் பிரிந்தது. அந்த இரண்டு வருடச் சண்டைகளில், அதன் வருமானத்தில் எத்தனை சதவீதம் கோலாலம்பூருக்கு என்பதும் ஒன்று.

நாம் உண்மையில் கவனிக்கவேண்டிய நாடு நைஜீரியா. முப்பத்தாறு மாநிலங்கள், எண்ணெய் வருமானம், மாதாமாதம் மத்தியப் பணத்துக்குக் கையேந்தும் மாநிலங்கள். ஆளுநரை மாநிலத்தின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி என்று அழைப்பார்கள். ஆனால் 1999 அரசியலமைப்புப்படி நாடு முழுக்க ஒரே போலீஸ், அது மத்தியுடையது. ஆளுநர் உத்தரவிட்டால் மாநிலப் போலீஸ் ஆணையர், "அதிபரிடம் கேட்டுச் சொல்கிறேன்" எனலாம். கொள்ளைக்கூட்டம் கிராமத்தில் புகுந்த இரவில் அந்த இடைவெளிக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கும் கீழே 774 உள்ளாட்சிகள். பல ஆளுநர்கள் அவற்றுக்குத் தேர்தலே நடத்தாமல் தங்கள் ஆட்களை நியமித்து, பணத்தையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். 2024 ஜூலையில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தலையிட்டு, உள்ளாட்சிப் பணம் நேரடியாக உள்ளாட்சிக்கே போகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நைஜீரியா உடைந்து போகவில்லை. கொடி பறக்கிறது, தேர்தல் நடக்கிறது. ஆனால் பல இடங்களில் அரசு என்ற ஒன்று மக்கள் பக்கத்தில் இல்லை. கூட்டரசு தோற்பது பெரும்பாலும் இப்படித்தான், கீழிருந்து.

கீழே என்றதும் நம் ஊருக்கு வருகிறேன். ஜார்ஜ் டவுனில் 1951லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. சுதந்திரத்துக்கு ஆறு வருடம் முன்னால். 1957இல் அது மாநகரமானபோது முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர், நம்மவர். அவர் பெயரில் இன்றும் சாலை இருக்கிறது. தினமும் அதில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்? இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றார்கள். அதே ஆண்டு ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது, தலைவர் ஆதி. நாகப்பன், ம.இ.கா. எனும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சித் தலைவர்களில் ஒருவர். அவர் ஊர் ஊராய் விசாரித்து 1968இல் தந்த அறிக்கை, தேர்தல் வேண்டும் என்றுதான் சொன்னது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. பினாங்கு 2012இல் தனிச்சட்டம் இயற்றித் திறக்கப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மறுத்தது.

ஆகவே இன்று உங்கள் வீட்டு வரியைச் செலவிடும் மன்ற உறுப்பினரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை; மாநில அரசு நியமிக்கிறது. நீங்கள் இருக்கும் கோலாலம்பூரில் இன்னும் மோசம். 1974இல் கூட்டரசுப் பிரதேசமானதிலிருந்து அங்கே சட்டமன்றமும் இல்லை, தேர்ந்தெடுத்த மாநகர் மன்றமும் இல்லை. நியமிக்கப்பட்ட டத்தோ பண்டார் (மேயர்) ஒருவர். 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை பிளந்து, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி பூமிக்குள் விழுந்தார். நாள்கணக்கில் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்தத் தெருவில் பூக்கடையும் துணிக்கடையும் வைத்திருக்கும் நம் மக்களுக்கு, அடியில் ஓடும் குழாய்க்கு யார் பொறுப்பு என்று ஓட்டுச் சீட்டில் கேட்க ஒரு வழியும் இல்லை. தேர்தல் வந்தால் கால்வாய் தானாகச் சுத்தமாகிவிடாது, எனக்குத் தெரியும். ஆனால் பாட்டியின் சமையலறையில் தண்ணீர் ஏறிய அன்று, அடுத்த ஓட்டுக்குப் பயந்து மற்ற இருவரையும் கூப்பிட்டு ஒரே இடத்தில் நிறுத்தும் ஓர் ஆள் இருந்திருப்பார். நான் அரசுச் சம்பளம் வாங்கிய காலத்தில் இதை வெளியே சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் காயத்துக்குக் கொஞ்சம் மருந்து போட்டாகிவிட்டது. 2020 பிப்ரவரியில் உறுப்பினர்கள் கட்சி தாவி ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள். 2022 அக்டோபரில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்புக்கு வந்தது. தாவினால் தொகுதி காலி. ஓட்டைகள் உண்டு. கட்சியே நீக்கினால் தொகுதி போகாது. இருந்தாலும் நாடாளுமன்றம் தன் சொந்த உறுப்பினர்களுக்கே பூட்டுப் போட்டது பெரிய காரியம்.

கடைசியாக, பினாங்கு தனியாகப் போனால்? இதற்குப் பதில் ஆற்றில் இருக்கிறது. பினாங்கு குடிக்கும் தண்ணீருக்கான மூலநீரில் சுமார் 80 சதவீதம் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவின் உலு மூடா காடுகளில் பிறக்கிறது. "காட்டை வெட்டாமல் காத்து உங்களுக்குத் தண்ணீர் விடுகிறோம், வருடம் 50 மில்லியன் ரிங்கிட் கொடுங்கள்" என்பது கெடாவின் கோரிக்கை. "ஆறு எங்கள் எல்லை வழியே இயற்கையாக ஓடுகிறது, ஏன் கொடுக்கவேண்டும்" என்பது பினாங்கின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. காட்டை வெட்டாதே என்று ஏழை மாநிலத்திடம் சும்மா சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன், பினாங்குக்காரனாக இருந்தும். ஒரே மாநிலத்துக்குள் முழுமையாக அடங்காத ஆறுகள், மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் இல்லாதவரை, மத்தியப் பட்டியலில் வருகின்றன. காடோ மாநிலப் பட்டியலில். நடுவில் உட்கார்ந்து தீர்த்து வைக்கவேண்டியது மத்தி. அது தீர்க்காமல் விடும் ஒவ்வொரு வருடமும் காப்பிக்கடைப் பேச்சுக்குத் தீனி.

லஹார் தியாங்கில் நீரெடுக்கும் இடத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். தென்கரையில் நிற்பவர் பினாங்குக்காரர், வடகரையில் தூண்டில் போட்டிருப்பவர் கெடாக்காரர். இருவருக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஓடும் தண்ணீரைத்தான் இழுக்கிறார்கள். அது சுங்கை டுவாவில் சுத்தமாகி, கடலுக்கு அடியில் போட்ட குழாய்களில் தீவுக்குப் போகிறது. பினாங்கு தனியாகப் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்ன அந்தக் காப்பிக்கடையில் கொதிப்பதும் அந்தத் தண்ணீர்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள் தம்பி, பட்டர்வொர்த்திலிருந்து நானே கூட்டிப் போகிறேன்.